மிதமிஞ்சிய பச்சை

என் வீட்டுக்காரிக்கு,

இது நானே எழுத்துக் கற்று எழுதுவது; மகள் உனக்குப் படித்துக் காட்டட்டும். இனி நம் பேச்சு மகன் கைவழியாக வர வேண்டியதில்லை. அதுவே பெரிய சந்தோஷம்.

நெல் கரும்பச்சையாக நிற்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. யூரியாவை அள்ளிக் கொட்டிய மகன் பொட்டாஷ் ஒரு பிடிகூடப் போடவில்லை. இலை இளகி, குலைநோய்ப் புள்ளி கண் கண்ணாக விழுந்துவிட்டது.

"பொட்டாஷ் இருந்தாத்தானேடா பயிர் நோயைத் தாங்கும்?" என்றேன்.

"இப்போதைக்குப் பச்சையா இருந்தா போதும்பா. நீங்க போய் 'ஆனா ஆவன்னா' எழுதுங்க."

அறுக்கப் போகிறவன் பேச்சா இது? நேற்று ஷூ போட்ட இரண்டு பேர் வரப்பில் நின்று வயலையே பார்த்தார்கள். வழி கேட்க வந்தவர்கள் என்கிறான்.

அடுத்த வாரம் அவன் உன்னைப் பார்க்க மகள் வீட்டுக்கு வருகிறான், திடீர்ப் பாசம். வயிறாரச் சாப்பாடு போடு. நிலம் உன் பெயரில் இருக்கிறது. நான் வந்து படிக்காமல் எதிலும் கைநாட்டு வைக்காதே.

உன் கிழவன்