அருவிப் பலகையில் என் பெயர்

பிப்ரவரி 3, செவ்வாய்

கோடு போட்ட நோட்டில்கூட என் எழுத்துகள் மலை ஏறி இறங்குகின்றன. பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபத்தொரு வயதுக் கை. வெட்டுக்கத்தியைப் பிடித்தே காய்த்த கை. பென்சிலையும் அப்படியே பிடிக்கிறது, இன்று இரண்டு முறை முனை உடைந்தது. ஆனாலும் எழுதுகிறேன்! மாலை வகுப்பு நடத்தும் டீச்சர் யெசேனியா, "தினமும் ஏதாவது எழுதுங்க தொன் நிக்கானோர், ஒரு வரியானாலும் போதும்" என்றாள். உப்புப் பொட்டலத்தைப் படித்துவிட்டேன். பேருந்தின் நெற்றியைப் படித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அருவிக்கு ஏறி, என் பலகையைப் படிக்கப் போகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், இந்த மலையைத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, அருவிக்குப் பாதை வெட்டியவன் நான். ஏழு மாதம். "உங்க பேரைப் போட்டுப் பலகை வைப்போம்" என்றார் அதிகாரி. பலகை வைத்தார்கள். திறப்பு நாளில் பக்கத்தில் நின்று எனக்கு அதைப் படித்துச் சொன்னவன் திபுர்சியோ. என் மகனுக்கு ஞானத்தகப்பன். அதனால் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவோம். "நிக்கானோர் பர்தாலெஸ் பாதைன்னு போட்டிருக்கு, கொம்பாத்ரே" என்றான். அன்று முதல் அதைக் கடக்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றுகிறேன். வழிகாட்டியாகக் கூட்டிப்போகும் பயணிகளிடம் பலகையைத் தட்டிக் காட்டி, "இது நான்தான்" என்பேன். சிரிப்பார்கள். சிலர் படம் எடுப்பார்கள்.

பிப்ரவரி 5

கெட்சால் என்று எழுதினேன். அந்தப் பச்சை வால் பறவையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். காகிதத்தில் உட்கார வைத்தது இன்றுதான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடியும் முன் கிளம்பினேன். பைன் மரங்கள் முடிந்து கருவாலி தொடங்கும் இடத்தில் மேகம் பாதையிலேயே படுத்திருந்தது. மரப்பெரணிகள் சொட்டிக்கொண்டிருந்தன. எல்லா மரத்துக்கும் பாசி தாடி. ஊளைக்குரங்குகள் எங்கோ கத்தின. எனக்குத்தான் கத்துகின்றன என்று நினைத்தேன், அவ்வளவு சந்தோஷம்.

பலகையில் பாசி ஏறியிருந்தது. சட்டைக்கையால் துடைத்தேன். விரல் வைத்துப் படித்தேன்.

பாதையை விட்டு விலகாதீர். செடிகளைப் பறிக்காதீர். நாய்களைக் கொண்டு வராதீர்.

மறுபடி படித்தேன். நான் புதிதாகப் படிப்பவன், எங்கோ விட்டிருப்பேன். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் பலகை, இரண்டு ஆணி. கீழே முழங்கால் போட்டுக் கம்பத்தையும் தேடினேன்.

நாய்களைக் கொண்டு வராதீர்.

இது நான்தான் — என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? தட்டித் தட்டி!

பிப்ரவரி 9

மழை. வகுப்புக்குப் போகவில்லை.

பிப்ரவரி 10

திபுர்சியோ முற்றத்தில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் பால் படர்ந்துவிட்டது அவனுக்கு, விரலாலேயே உரிக்கிறான். காலடிச் சத்தத்திலேயே என்னைத் தெரிந்துகொண்டான்.

"வாங்க கொம்பாத்ரே. காப்பி இருக்கு."

"நாயைக் கொண்டு வரலாமான்னு கேட்க வந்தேன்" என்றேன்.

உரிக்கிற கை நின்றது.

"படிச்சுட்டீங்களா?"

"நீ எதுக்குப் பொய் சொன்னே?" நாற்பது வருடத்தில் அவனை நீ என்றது அதுதான் முதல் தடவை.

"அன்னைக்குப் புதுச் சட்டை போட்டுட்டு வந்தீங்க. பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்தீங்க. தொப்பியை நெஞ்சுல வச்சுக்கிட்டு என் மூஞ்சியைப் பார்த்தீங்க. நாயைப் பத்தி என்னன்னு படிக்கிறது நான்?"

"சரி, அன்னைக்கு! மறுநாள் சொல்லியிருக்கலாமே?"

"மறுநாள் நீங்க ஊருக்கே சொல்லிட்டீங்களே."

பீன்ஸ் கூடையை உதைத்துவிட்டு வந்தேன். அவன் தரையில் தடவித் தடவிப் பொறுக்கியது காதில் கேட்டது. திரும்பவில்லை.

பிப்ரவரி 11

என் மனைவி ஹெர்மெலிந்தாவுக்கும் தெரியுமாம். மூன்றாம் வகுப்பு படித்தவள்தானே. "நீங்க வகுப்புக்குப் போறேன்னு சொன்ன அன்னைக்கே இது வெளிய வந்துடும்னு தெரிஞ்சுது" என்கிறாள். அடுப்பில் சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொல்கிறாள்! எழுதப் படிக்கத் தெரிந்த ஊர் முழுக்க என்னை இப்படி அணைத்து வைத்திருந்திருக்கிறது. கைக்குழந்தை மாதிரி. யார் கேட்டது?

பிப்ரவரி 20

நான்கு பயணிகளோடு அருவிக்குப் போய் வந்தேன். பலகையைக் கடக்கும்போது தொப்பி தலையிலேயே இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

திபுர்சியோ வந்தான், கம்பு ஊன்றிக்கொண்டு, உறை பிரிக்காத கடிதத்தோடு. எனக்குத் தெரியாமல் டீச்சரிடம் சொல்லிப் பூங்கா அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறான். என் பெயரைப் பலகையில் போடச் சொல்லி. பதில் வந்திருக்கிறது.

"உங்க பேரு. நீங்களே படிங்க" என்றான். சவரம் செய்துகொண்டு வந்திருந்தான்.

முதலில் கண்ணால் படித்தேன். அவன் முகத்தை என் பக்கம் உயர்த்திக் காத்திருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

மாற்றிப் படித்திருக்கலாம். தெரியாமல் இல்லை.

ஒரு சொல்லும் விடாமல் படித்தேன். "உயிருடன் இருப்போரின் பெயர் பூங்காவின் பலகைகளில் இடம்பெறாது. மேலும் அப்பாதை எவராலும் வெட்டப்பட்டதல்ல. முன்பே இருந்த தாந்தோவின் தடம் என்றே எங்கள் பதிவில் உள்ளது."

தாந்தோ! அந்தக் குட்டைத் தும்பிக்கை மிருகம்! உண்மைதான், அது நடந்த தடத்தைப் பார்த்துத்தான் வெட்டினேன். இந்த மலையில் எல்லோரும் அப்படித்தான் வெட்டுவோம். சரிவு அதற்குத் தெரிந்த அளவு எவனுக்கும் தெரியாது. ஆனால் தாந்தோ படி கட்டாது. முந்நூற்றுப் பன்னிரண்டு கல். ஓடைமேல் மரம் தூக்கிப் போடாது.

முத்திரையில் இருந்த தேதி வரைக்கும் படித்தேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வாழ்க்கையில் நான் தடுமாறாமல் படித்த முதல் கடிதம்.

"நல்லாப் படிக்கிறீங்க" என்றான் திபுர்சியோ. கம்பைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தான். வாசலில் நின்றான். "நானும் அன்னைக்கு இப்படித்தான் படிச்சிருக்கணும், இல்ல?"

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன், அவன் கம்பு படிகளைத் தட்டிக்கொண்டே இறங்கிப் போனது.

மார்ச் 8, ஞாயிறு

பூசைக்கு அவன் வரவில்லை. பெஞ்சில் அவன் இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

பென்சில் தீரப்போகிறது. அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் அவன் வீட்டுக்கு ஒரு தடவை போயிருக்க வேண்டும். போனேனா என்று எழுதுகிறேன்.