பார்க்காமல் எடுத்த ஷீட்டுகள்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மையத்தில் நான் குடையால் மேஜையைத் தட்டினேன் என்று பேசிக்கொள்கிறார்களாம். தட்டவில்லை. குடை நழுவி விழுந்தது. நான் தட்டியிருந்தால் அந்த மேஜைக் கண்ணாடி தப்பியிருக்காது.

சிறு பட்டறைகளின் புதுச் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுபோக உதவும் மையம் என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஸ்கூட்டர் பேட்டரிக்குள் தீ பரவாமல் தடுக்கும் எங்கள் ஷீட்டை நீங்களே மூன்று முறை சோதித்தீர்கள். மூன்று முறையும் பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டீர்கள். அதை நம்பித்தான் ஸ்கூட்டர் கம்பெனி முதல் லோடு வாங்கியது. இப்போது தீயில் வைத்தால் பாதிக்கு மேல் ஓட்டை விழுந்து எரிகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம். பட்டறையில் வேறு வேலை எதுவும் இல்லை. நீங்களோ, "மறுபடி முதல்லேர்ந்து சோதிக்கலாம் அத்தை" என்கிறீர்கள். எத்தனை முதல்?

குழந்தைக்குச் சளி குறைந்ததா?

அன்புடன்,
அத்தை

மார்ச் 7

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். சளி போய்விட்டது. மேஜையைத் தட்டிய கதையை நான் நம்பவில்லை. உங்கள் மகள் நம்புகிறாள்.

திரும்பி வந்த ஷீட்டுகளையும், முன்பு நீங்கள் சோதனைக்கு அனுப்பியவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒரே பட்டறையில் செய்தது போலவே இல்லை. தவறாக நினைக்காமல் சொல்லுங்கள்: சோதனைக்கு அனுப்பியதை எடுத்தது யார்? எப்படி எடுத்தார்கள்? முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் நான்.

பணிவுடன்,
மாப்பிள்ளை

மார்ச் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான்தான் எடுத்தேன். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சுருக்கமோ ஊசிமுனை ஓட்டையோ இல்லாததை மட்டும் எடுத்தேன். வேறு எப்படி எடுப்பார்கள்? பள்ளியில் அடித்தல் திருத்தலோடு எழுதிக் கொடுத்தால் எங்கள் கான்வென்ட் சிஸ்டர் தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பார். நான்கு பேர் பார்க்கிற இடத்துக்குக் கோணல்மாணலை அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. இதில் என்ன குற்றம் கண்டீர்கள்?

அத்தை

மார்ச் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் கேள்விக்குப் பதில் எழுதாமல், மகளை விட்டுப் போனில் சொல்ல வைத்தீர்கள். "அம்மா, கோவப்படாத. நீ பொறுக்கி அனுப்பினா உன் கண்ணு எவ்வளவு நல்லா இருக்குன்னுதான் அவருக்குத் தெரியுமாம். மெஷின் எப்படி இருக்குன்னு தெரியாதாம். பார்க்காம எடுத்து ஒரு பெட்டி அனுப்பு." நான் போனை வைத்துவிட்டேன். அவளுக்கு அது புதிதல்ல.

மறுநாள், மெஷினிலிருந்து வந்த வரிசையிலேயே எடுத்து அடுக்கினேன். நடுவில் ஒன்று மூலை சுருங்கி வந்தது. கை தானாக அதை உருவப் போனது.

"விடுங்கம்மா, அதுவும் நம்ம வீட்டுப் புள்ளதானே" என்றார் மெஷின்காரர்.

"நம்ம வீட்டுப் புள்ளைய இப்படியா வெளியில அனுப்புவாங்க?" என்றேன். ஆனாலும் விட்டேன். பெட்டியை மூடி ஒட்டிய பிறகும் அந்த மூலைதான் கண்ணில் நிற்கிறது.

பெட்டியை இன்று அனுப்பியிருக்கிறேன். நாங்கள் செய்வது இதுதான். எங்கே கெடுகிறது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியுமா, இந்த மாதத்துக்குள் சரிசெய்ய முடியுமா? முடியாதென்றால் ஆட்களிடம் நான் சொல்லியாக வேண்டும். மகளிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். அவள் என் மனம் நோகாதபடி பாதியை விழுங்கிவிடுவாள். நீங்களே பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
அத்தை