மத்தாப்பு பிடித்த இடக்கை

ஜூன் 12, 2006. தி.

காலையிலேயே வெயில். திருத்தங்கல் பஸ்ஸில் நின்றே பயணம். அச்சகத்தில் பதினோரு மணிக்குத்தான் கரண்ட்.

பட்டாசு கம்பெனிக்காரர் வந்தார். கம்பி மத்தாப்பு லேபிள். பழைய படம்தான், பெட்டி மட்டும் பெரிது. படத்தில் மத்தாப்போடு ஆறு வயதுப் பிள்ளை. என் மகள் மலர். முதலில் இந்த லேபிளை நான் வடிவமைத்த அன்றைக்கு வேறு படம் கிடைக்காமல் நானே எடுத்துச் சேர்த்தது. போன கார்த்திகையில் காய்ச்சலில் போய்விட்டாள், ஒன்பது வயதில். அவருக்கு இதெல்லாம் தெரியாது.

"அண்ணாச்சி, பிள்ளை இடக்கையில பிடிச்சிருக்கு பாத்தீகளா? தீபாவளியும் அதுவுமா பீச்சாங்கையான்னு யாவாரி கேக்கான். அப்படியே திருப்பிப் போட்டுருங்க."

சொல்லியிருக்கலாம். சொன்னால் வருத்தப்படுவார். அப்புறம் நான் அவரைத் தேற்ற வேண்டும்.

ஜூன் 13. செ.

காற்று, புழுதி. ஏழு மாதத்துக்குப் பிறகு மலரைத் திரையில் திறந்தேன்.

ஓர் உருவத்தை நான்கு விதமாக மாற்றலாம் என்று கல்லூரியில் படித்தது. செய்து பார்த்தேன்.

நகர்த்தல்: ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தாள். இடம்தான் மாறும், ஆள் மாறாது.

பெரிதாக்கல்: ஒன்றரை மடங்கு. கோணங்கள் அப்படியே. முன்பல் இடைவெளி மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. பெரிதாகிறாள், வளரவில்லை.

சுழற்றல்: அரைச் சுற்றுச் சுற்றினேன். தலைகீழாக நின்றாள். அப்போதும் மத்தாப்பு இடக்கையில்தான். எத்தனை சுற்றினாலும் அப்படித்தான். பிடிவாதம், அவள் அம்மாவிடமிருந்து.

மிச்சம் பிரதிபலிப்பு: கண்ணாடியில்போல இடம் வலமாகும். செய்யவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன். மூன்று முறை.

ஜூன் 14. பு.

செய்துவிட்டேன். ஒரு சொடுக்கு. அளவு அதே, கோணம் அதே, புள்ளிக்குப் புள்ளி தூரம் அதே. கணக்குப்படி ஒரு குறையும் இல்லை.

பள்ளியில் சேர்த்த புதிதில் டீச்சர் ஏதோ சொன்னார் என்று, அவள் இடக்கையை நாற்காலியோடு கட்டி வலக்கையால் எழுத வைத்தேன். கட்டியது என் கைக்குட்டையால். ஒரு மாதம். மூடநம்பிக்கை இல்லாதவன் நான். வீட்டில் மூன்று அலமாரி புத்தகம்.

"இந்தக் கைக்குத் தமிழ் தெரியாதுப்பா" என்றாள்.

அவிழ்க்கவில்லை.

ஜூன் 15. வி.

மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனது தப்பு. செல்வி மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"இது யாரு பிள்ளை?"

பெற்றவள் கேட்கிறாள். பிறகு கன்னத்து மச்சத்தைத் தொட்டாள். அது இருக்க வேண்டிய கன்னம் அதுவல்ல.

"ஒரு வழியா வலக்கைக்கு மாத்திட்டீக."

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 16. வெ.

ஏழு மணிக்கே அச்சகம். பழைய படத்தை மறுபடி வைக்கச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. அதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. மெஷின்மேன் ராசு அண்ணன் மலரை நன்றாக அறிந்தவர். என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நாலு கலர்ல இப்ப மஞ்சள்தான் ஓடுது. நிறுத்தணும்னா சொல்லிருங்க. பிளேட்டு மாத்திக்கிடலாம், முதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். மஞ்சளில் மட்டும் முகம் தெரியவில்லை. மத்தாப்பு வெளிச்சத்தில் கை தெரிந்தது, வலக்கை.

"ஓட்டுங்க" என்றேன்.