உலக்கைப் பூணும் எட்டடி இறக்கையும்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். அப்பாவின் முழங்கால் ஜீப்பில் மலை ஏறும் அளவுக்குத் தேவலையா? காரணமாகத்தான் கேட்கிறேன்.

இந்த நெல்லிவாசலில் செல்போன் டவர் வேலை முடிந்தால்தான் போன் பேச முடியும். அதனால்தான் கடிதம். நான் செய்துகொண்டிருந்த போர் விமான மாடல், எட்டடி இறக்கை, ஒருவழியாகப் பறந்துவிட்டது! மூக்கில் எடை போதவில்லை. அப்படியே விட்டால் விழுந்து நொறுங்கும். ஈயம் வாங்கப் போளூர் போக எனக்குப் பொறுமை இல்லை. வீட்டுக்கார ரத்தினம்மாள் தன் உலக்கையின் இரும்புப் பூணைக் கழற்றிக் கொடுத்தார். இன்ஜின் பக்கத்தில் கட்டியதும் சரியாக நின்றது.

“இன்னா தம்பி, உள்ள குந்திகினு இருக்கிற பொம்மையா ஓட்டுது?” விமானி இருக்கையில் நான் ஒட்டியிருந்த பொம்மையைக் காட்டிக் கேட்டார்.

கையிலிருந்த ரிமோட்டைக் காட்டினேன்.

“அப்ப அது இன்னாத்துக்கு?”

நான் இன்ஜினைக் கிளப்பத் திரும்பிவிட்டேன்.

இன்ஜினைக் கிளப்பும்போது வாலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நான் கல்லில் கட்டினேன். கல் நகர்ந்து, காற்றாடி விரலில் லேசாகப் பட்டுவிட்டது. கட்டுப் போட்டிருப்பதால்தான் எழுத்து கோணல். பயப்படாதீர்கள்.

விமானம் இறங்கியதும் ரத்தினம்மாள் கை நீட்டினார். “பூணைக் குடு, பண்டிகைக்குச் சாமை குத்தணும்.”

நம் பரணில் சும்மா கிடக்கும் உலக்கையின் பூண் வேண்டும். கூரியர் இங்கே வராது, அப்பாவே கொண்டு வரட்டும். ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார், இதை அவரிடம்தான் கொடுக்கவேண்டும். அப்பா இரண்டு நாளாவது தங்கட்டும். வாலைப் பிடிக்க உட்கார்ந்தால் போதும், முழங்கால் வலிக்காது.

நவீன்குமார்