அடித்தண்ணீரின் உப்பு

தொண்டைக் கரகரப்புக்கு இன்று காலை வெந்நீரில் உப்புக் கரைத்து வாயில் ஊற்றினேன். சூடும் உப்பும் ஒன்றாக நாக்கில் பட்டதும் உன் நினைவு வந்துவிட்டது. கொப்பளிக்காமல் அப்படியே துப்பிவிட்டேன்.

உன் ஆராய்ச்சியே அதுதானே. மழைக்குப் பிறகு முகத்துவாரத்தில் ஆற்றின் குளிர்ந்த நன்னீர் மேலே ஓடும்; வெதுவெதுப்பான கடல்நீர் அடியில் கிடக்கும். "சூடு அவசரக்காரி, கெதியா மேல வந்திடுவாள். உப்பு சோம்பேறி, லேசில அசையமாட்டாள்" என்பாய். ஒரு நீரடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குச் சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு கடக்கிறது என்று அளந்துவிட வேண்டும் என்பதே நாம் சேர்ந்து தங்கியிருந்த வெள்ளவத்தை அறையில் உன் ஓயாத பேச்சு. யுத்த காலம், கடலில் இறங்க அனுமதி தருவார் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாள் வாங்கினாய். துணைக்கு என்னைக் கூட்டிப் போனாய்.

சூட்டை வள்ளத்தில் வைத்தே அளந்தாய். உப்பை அறிய, நீரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேல்தண்ணீர்ப் போத்தல் உன் பையில், அடித்தண்ணீர்ப் போத்தல் என் பையில். கொட்டாஞ்சேனைச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் என் போத்தலைக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"வத்துர" என்றேன். தண்ணீர் என்று சொன்னால் குடித்துக் காட்டச் சொல்வது அந்நாளைய வழக்கம். அவன் சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை. மூடியைத் திருகி மடமடவென்று குடித்தேன். பாதி மூக்கால் வந்தது.

"ஐயோ மிஸ், நான் குடிக்கச் சொல்லவில்லையே" என்றான். அவனுக்கே கூச்சமாகிவிட்டது.

பஸ்ஸில் "மன்னிச்சிடடி" என்றேன். "விடு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மறுபடி அனுமதி கிடைக்கவில்லை. சூட்டைப் பற்றி மட்டும் எழுதி ஆராய்ச்சியை முடித்தாய். உன் வேலை கெட்டதைவிட, ஒருவன் கேட்காமலே நான் பணிந்ததை நீ பார்த்துவிட்டாயே என்பதுதான் என்னைத் தின்றது. வெகுகாலம் உன் முகத்தை நேராகப் பார்த்துப் பேச முடியவில்லை.

களுபோவில ஆஸ்பத்திரியில், உன் கடைசி நாட்களில்தான் துணிந்து கேட்டேன்: "அண்டைக்கு என்னில கோவமா இருந்தனீயோ?"

"கோவமில்லையடி, வெக்கம். நீ குடிக்கேக்க என்ட போத்தல் மூடியும் கழட்டித்தான் இருந்தது. நீ முந்திட்டாய், அவ்வளவுதான்."

நான் ஒருத்திதான் அப்படி ஆகிப்போனேன் என்று நினைத்திருந்தவரை அந்த வெட்கத்தை எப்படியோ பொறுத்துக்கொண்டேன். நீ துணிச்சல்காரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். உன் கையும் கேட்காமலே மூடியைத் திருகியது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லையடி.