வலது பக்கம் நாலு விரல்

ஜெயிலிலிருந்து
10.2.2025

தங்கச்சி கலைப்பிரியாவுக்கு,

அண்ணன் திருமுருகன் எழுதுவது. தலைவலி விட்டதா? கண் தெரிகிறதா? உன்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக, மனு போட்டுப் பார்க்க வந்தபோது உன் அண்ணி சொன்னாள். எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

நான் செய்ததற்கு ஒரு துளி வருத்தம் இல்லை. என் மகள் காதுகுத்துக்குப் பெருமுக்கல் வந்தவள், பந்தலுக்குள் வாந்தி எடுத்துக் கட்டையாய் விழுந்தாய். முந்தானை விலகியது. கழுத்தில் நாலு விரல் தடம், கன்றிப்போய்க் கிடந்தது. நெரித்த தடம் எனக்குத் தெரியாதா? கொடுவாளைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்தேன். கூட்டேரிப்பட்டில் பெட்ரோல் போட நின்றபோதும் ஆத்திரம் அடங்கவில்லை.

தண்ணி பாய்ச்சிவிட்டு வருகிறேன் என்று திருவாமாத்தூரிலேயே தங்கிவிட்டானே உன் புருஷன் கோதண்டபாணி, மோட்டார் கொட்டகையில்தான் இருந்தான். "வா மச்சான்" என்றான். முதல் வெட்டு தோளில். "இன்னாத்துக்கு மச்சான்?" என்று கத்திக்கொண்டே வலது கையைத் தூக்கினான். அடுத்த வெட்டில் ரெண்டு விரல் வாய்க்காலில் விழுந்தன. தண்ணீர் சிவப்பாய் ஓடியது. ஆட்கள் வந்து என்னை அமுக்காவிட்டால் தலையும் விழுந்திருக்கும்.

திண்டிவனம் வக்கீல் சொல்கிறார்: "அவர்தான் கழுத்தை நெரித்தார்" என்று நீ கோர்ட்டில் ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் இளகிவிடுமாம். சொல்லிவிடு.

உன் அண்ணன்,
திருமுருகன்

*

ஆஸ்பத்திரி
21.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. எழுதும்போதே பாதி வரி மறைந்து போகிறது.

முதலில் நோயைச் சொல்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னாலிருந்தே வலது காதுக்குள் உஸ்... உஸ்... என்று நாடித் துடிப்போடு ஒரு சத்தம். குனிந்தால் கண் இருட்டும். தலை வெடிக்கும். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "மூளையிலேர்ந்து ரத்தம் வடியிற பெரிய சிரை ரெண்டு பக்கமும் ஒடுங்கிப் போயிருக்கும்மா. ரத்தம் சரியா வடியாம மண்டைக்குள்ள அழுத்தம் ஏறுது. அது கண் நரம்பை நசுக்குது. விட்டா பார்வை போயிடும்." உள்ளே ஒரு கம்பி வலைக் குழாய் வைத்து அந்த இடத்தை விரிக்க வேண்டுமாம்.

அண்ணே, அந்தத் தடம் என் கை. வலது தாடைக்குக் கீழே விரல் வைத்து அழுத்தினால் அந்தச் சத்தம் சட்டென்று நிற்கும். எடுத்தால் திரும்ப வரும். டாக்டரம்மாவிடமும் செய்து காட்டினேன். இந்த நோயில் அப்படி உண்டாம். கொஞ்ச நேரம் தூங்க மாட்டோமா என்று அழுத்தி அழுத்தித்தான் கன்றிப்போனது. எவனாவது நெரித்திருந்தால் அந்தப் பக்கம் கட்டைவிரல் தடம் இருக்காதா? இடது பக்கம் பார்த்தாயா நீ? அடப்பாவி, நான் கண் விழிக்கிற வரைக்கும் பொறுத்து ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா!

அவரை உத்தமர் என்று நான் சொல்லவில்லை. களி கிண்டும்போது கண் இருட்டி அடி பிடித்துவிட்டது. "வேலைக்குக் கள்ளம் பண்ணிக்கினு இருக்கியா?" என்று ஒரு அறை விட்டார். அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் கழுத்தில் கை வைக்கவில்லை.

உன் தங்கச்சி,
பிரியா

*

ஜெயிலிலிருந்து
2.3.2025

கலைப்பிரியாவுக்கு,

தங்கச்சி என்று எழுதக் கை வரவில்லை.

இங்கே கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். வார்டர் சிரிக்கிறார்: "இன்னாய்யா, உன் தங்கச்சியே உன்னை உள்ள தள்ளிடும் போல இருக்கே." என் மானம் போச்சு.

எவளாவது தன் கழுத்தைத் தானே கன்ற வைப்பாளா? யாரிடம் கதை விடுகிறாய்? அவன் சொல்லிக் கொடுத்தானா, டாக்டருக்குக் காசு கொடுத்தானா? சாப்பாட்டு வரிசையில் ஒருவன் உன்னைப் பற்றிக் கேவலமாகப் பேசினான். தட்டாலேயே வாயில் அடித்து அவன் பல்லைப் பெயர்த்தேன். உனக்காக இங்கேயும் ரத்தம் பார்க்கிறேன், நீ அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்.

கொலை முயற்சி என்று தீர்ப்பானால் என் மகள் பெரிய மனுஷி ஆகும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். நெரித்தான் என்று சொல். சொல்லாவிட்டால் எனக்குத் தங்கச்சி இல்லை. வெளியே வந்து அவனுடைய மிச்ச விரலையும் எடுப்பேன். இதைப் படிக்கிறவன் படிக்கட்டும்.

திருமுருகன்

*

பெருமுக்கல்
16.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி இல்லை என்று நீ சொன்னாலும் நான் உன் தங்கச்சிதான்.

சத்தம் நின்றுவிட்டது அண்ணே. தொடை ரத்தக் குழாய் வழியாக மண்டை வரைக்கும் ஒரு கம்பியை விட்டு, ஒடுங்கின இடத்தில் அந்த வலைக் குழாயை விரித்து வைத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் காதே போய்விட்டதோ என்று பயந்தேன். யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள், சக்கரம் கிறீச்சிட்டது. அது தனியாக, சுத்தமாகக் கேட்டது. ஓவென்று அழுதுவிட்டேன். வலது கண்ணில் ஓரப் பார்வை போனது போனதுதானாம், மிச்சம் நிலைக்குமாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தந்திருக்கிறார்கள். மல்லாட்டைக் கடலை உரிக்கும்போது நகம் கீறினால்கூட ரத்தம் நிற்க நேரமாகிறது.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட அவர்தான் வந்தார். தோளில் தையல், வலது கையில் பந்து மாதிரிக் கட்டு. இடது கையால் கிறுக்கினார். "உங்கண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பிரியா" என்றார். "நீங்களுந்தான் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அறைஞ்சீங்க" என்றேன். அவரோடு வாழ்வதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

உன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணி கஞ்சியை வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போகிறாள். உன் மகள் "அப்பா எப்ப வரும் அத்தை?" என்று என்னைத்தான் கேட்கிறாள். ஆனாலும் கோர்ட்டில் அவர் அறைந்ததைச் சொல்வேன், கழுத்தில் இருந்தது என் கை என்றும் சொல்வேன். செய்யாததைச் செய்தார் என்று சொல்ல மாட்டேன்.

நம்பிக்கை இல்லையென்றால் உன் கழுத்தில் நீயே அழுத்திப் பார்.

பிரியா

*

ஜெயிலிலிருந்து
27.3.2025

தங்கச்சிக்கு,

அழுத்திப் பார்த்தேன். நீ சொல்வது பொய் என்று காட்டத்தான் செய்தேன். நாலைந்து நாளாக, கோபம் வரும்போதெல்லாம் தாடைக்குக் கீழே விரலை வைத்து, வலிக்க வலிக்க.

இங்கே கண்ணாடி கிடையாது. நேற்று மத்தியானம், பக்கத்தில் படுக்கிற சவுரிராயனைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தவன் பதறி எழுந்தான். "யார்ரா உன் கழுத்த நெரிச்சது? பேரச் சொல்லு, இப்பவே அவன் கையை முறிச்சிட்டு வர்றேன்" என்று தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியே விட்டான். அவன் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தேன். "எவனும் இல்லடா, என் கைதான்டா" என்று எத்தனை தடவை சொல்லியும் அவன் நம்பவில்லை.

கோர்ட்டில் உள்ளதைச் சொல். மாத்திரையை விடாதே.

உன் அண்ணன்,
திருமுருகன்