மூன்று நாள் நீலம்

திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்தது இன்னும் கொடியில். வீடு முழுக்க ஈரத்துணி வாடை.

பவள மோதிரம் ஒருவழியாக முடிந்தது. கல்லைச் சுற்றிய வெள்ளிப் பட்டை ஓரிடத்தில் மடங்க மாட்டேன் என்று அடம். பிரித்து மறுபடி. அடிப்பக்கம் திறந்தே விட்டிருக்கிறேன். கல் விரல் தோலைத் தொட வேண்டுமாம், இல்லாவிட்டால் செவ்வாய் கிரகம் எப்படி வேலை செய்யும் என்று கேட்டார் மோதிரம் செய்யக் கொடுத்தவர். எனக்கென்ன தெரியும், நான் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். கிரகங்கள் பாடு கிரகங்களுக்கு. துளை நேராக இருக்கிறதா என்பது மட்டும்தான் என் பாடு.

வாங்க: வெள்ளிக் கம்பி (மெல்லியது), மெருகுத் தாள், கோழி, தங்கை ஸ்டெல்லா சமையல் வாசனைக்குக் கேட்ட பாண்டான் இலை, எலிப் பசை.

கோலா கெத்திலிலிருந்து லெட்சுமி அக்கா மறுபடி போன்.

"ரெஜினாம்மா, நீலம் வந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

பாவம், குரலே இறங்கிவிட்டது. அவர் வீட்டுக்காரர் முத்து அண்ணனுக்கு டயாலிசிஸ். படுத்தால் தூக்கமில்லை, உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஏழரைச் சனி, நீலம் போடுங்கள் என்று சோதிடர் சொல்லியிருக்கிறார். நீலம் மட்டும் மற்றக் கல் மாதிரி எடுத்ததும் போட முடியாது. மூன்று நாள் தலைமாட்டில் வைத்தோ கையில் கட்டியோ பார்க்க வேண்டும். கெட்டது ஏதாவது நடந்தால், கெட்ட கனவு வந்தால், திருப்பிக் கொடுத்துவிடலாம். எந்த வியாபாரியும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார். நீலத்துக்கு மட்டும் இந்த மரியாதை.

நாளைக்குக் கல்காரர் வருவார், கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

செவ்வாய்

மழை விட்டு விட்டு. வெளிச்சம் போதவில்லை, கல் பார்க்க லாயக்கில்லாத நாள்.

கல்காரர் தனபாலன் பத்து மணிக்கு வந்தார். கரங்கானிலிருந்து இங்கே புக்கிட் செலம்பாவ் வரை மோட்டார் சைக்கிளில், அந்த மழையில். ஆறு வருடமாக இப்படித்தான், ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய். ஜன்னல் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலி அவருடையது. பையிலிருந்து வெள்ளைக் காகிதப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பார், நான் குறை சொல்வேன், அவர் சிரிப்பார்.

"இது சூடு போடாத கல்லுங்க."

"சூடு போடாததா? உள்ள பாருங்க, எல்லாம் உருகி வழிஞ்சி கெடக்கு."

"உங்க கண்ணுக்கு முன்னாடி ஒருத்தன் பொய் சொல்லிப் பொழைக்க முடியாதுலா."

கோமேதகம் இரண்டு, ஒரு புஷ்பராகம் எடுத்தேன். வைடூரியம் வேண்டாம் என்றுவிட்டேன், பூனைக்கண் கோடு நடுவில் ஓடவில்லை. இன்று என்னவோ சட்டை இஸ்திரி போட்டிருந்தார். மழைக்கோட்டுக்கு உள்ளே இஸ்திரிச் சட்டை. யாருக்காக என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

எல்லாம் கட்டி வைத்தபிறகு சட்டைப் பையிலிருந்து இன்னொரு பொட்டலம். நீலம். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இந்த மங்கல் வெளிச்சத்திலும் கறுக்கவில்லை. பள்ளிக்கூடத்து மையைத் தண்ணீரில் விட்டது மாதிரி ஒரு நீலம், உள்ளே பட்டு நூல் போல மெல்லிய இழைகள். உருகாத இழைகள். நிறம் கூட்டுவதற்காக உலையில் சூடு போடாத கல். என் கைக்கு வந்த நீலத்திலேயே இதுதான் நல்லது.

"உங்களுக்குப் புடிச்சிருக்கா?"

"ஒரு ஓரத்துல பட்டை சரியா வெட்டல."

"அது கெடக்கட்டும். புடிச்சிருக்கா?"

"நல்ல கல்லுதான்."

"அப்ப மூணு நாளு வெச்சிப் பாருங்க. வெள்ளிக்கெழம வரேன். ராசியா இருந்தா சொல்லுங்க. இல்லன்னா ஒண்ணும் சொல்ல வேணாம், கல்ல மட்டும் கையில குடுத்துடுங்க. ஏன்னு கேக்க மாட்டேன்."

விலை கேட்டேன். அதை அப்புறம் பார்க்கலாம் என்றார். காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார். மழைக்கோட்டை உள்பக்கம் வெளியாகப் போட்டிருந்தார். சொல்வதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

போன தடவை முத்து அண்ணன் கதையைச் சொல்லியிருந்தேன். அதை மனதில் வைத்துத் தேடிக் கொண்டுவந்திருக்கிறார். நல்ல மனுஷர்.

சாயங்காலம் லெட்சுமி அக்கா மகன் காரில் வந்தார். கல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீலத் துணியில் முடிந்து எடுத்துப் போனார். கோழி வாங்க மறந்துவிட்டேன்.

புதன்

வெயில். துணி காய்ந்தது. ஐஸ்பெட்டி செத்துவிட்டது. உள்ளே இருந்த மீனையெல்லாம் பொரித்தேன், ஒருத்தி எவ்வளவு மீன் தின்பது. வேலையில் வெள்ளியைப் பத்தவைக்கும்போது இடது ஆள்காட்டி விரலில் சூடு. பற்பசை தடவினேன்.

லெட்சுமி அக்கா காலையிலேயே போன்.

"ரெஜினாம்மா, ராத்திரி முழுக்கத் தூங்கினாரு. எழுந்து ரெண்டு தோச. அப்புறம் சட்னியில உப்பு இல்லன்னு என்னத் திட்னாரு. பழைய மாதிரி திட்னாருமா."

அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. போன வாரம் டாக்டர் மாத்திரை மாற்றினார் என்றும் அவரே சொன்னார். அடுத்த மூச்சிலேயே, "அத வுடுமா, கல்லுதான்."

இருக்கட்டும். எதனால் தூங்கினால் என்ன.

மத்தியானம் பின்வரிசை வீட்டிலிருந்து ஸ்டெல்லா வந்தாள், பாண்டான் இலைக்கு. பொரித்த மீனைத் தட்டோடு கொடுத்தேன். தின்றுகொண்டே என்ன சேதி என்று கேட்டாள், நானும் நேற்று நடந்ததைச் சொன்னேன். இஸ்திரிச் சட்டை, வெள்ளிக்கிழமை, காப்பி, எல்லாம். மீனைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, அந்தக் கல்லு யாருக்கு?"

"லெட்சுமி அக்காவுக்கு."

"அவரு லெட்சுமி அக்கா பேரச் சொன்னாரா?"

சொல்லவில்லை.

"விலை சொன்னாரா?"

சொல்லவில்லை.

"வேணாம்னா ஏன்னுகூடக் கேக்க மாட்டேன்னு எந்த வியாபாரி சொல்லுவான்? உனக்குப் புடிச்சிருக்கான்னுதான ரெண்டு தடவ கேட்டாரு? நீ பட்டை சரியா வெட்டலன்னு சொல்லியிருக்க. அடக் கடவுளே, அந்த மனுசன் பொண்ணு கேட்டுட்டுப் போயிருக்காரு, நீ அதத் தூக்கிக் கோலா கெத்திலுக்குக் குடுத்துட்டு உக்காந்திருக்க."

உளறாதே என்றேன். அவள் விடவில்லை.

"மீன்காரரு உனக்கு அண்ணே. கேஸ் கொண்டாறவரு அண்ணே. தண்ணி பில்லு குடுக்குற பையன்கூட தம்பி. ஆறு வருசமா இவர என்னான்னு கூப்புடுற?"

யோசித்துப் பார்த்தேன். 'இந்தாங்க' என்றுதான். வேறெதுவும் கூப்பிட்டதில்லை.

ஸ்டெல்லா போன பிறகு வேலை ஓடவில்லை. என் வீட்டுக்காரர் அருள் இறந்துபோய் ஒன்பது வருடம். அவர் போன பிறகுதான் இந்தக் கல் வேலையே கற்றேன், பினாங்கில் ஒரு வகுப்பு, மீதி போனில் வீடியோ பார்த்து. கையில் வேலை இருந்தால் போதும், வீட்டில் வேறு ஆள் வேண்டியதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொள்கிறேன். மற்ற நாளில் கொண்டையை அப்படியே முடிந்துவிடுவேன். இதை இப்போதுதான் கவனித்தேன்.

புடிச்சிருக்கு. எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

வியாழன்

காலையில் போனில் அவர் குரல் செய்தி.

"கல்லு உங்க தலமாட்டுலதான இருக்கு? நல்லாத் தூங்குறீங்களா? சும்மாதான் கேட்டேன்."

பின்னால் சேவல் ஒன்று கூவியது, அதோடு நின்றுவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டேன், சேவலோடு சேர்த்து.

ஆக ஸ்டெல்லா சொன்னது சரி. என்ன பதில் போடுவது? உங்கள் கல் முத்து அண்ணன் கையில் கட்டியிருக்கிறது, அவர்தான் நன்றாகத் தூங்குகிறார் என்றா? போடவில்லை.

அவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் இல்லை. கோபிக்க மாட்டார். மனசு நொந்துபோய், அடுத்த தடவையும் வந்து, கோமேதகம் காட்டிவிட்டுப் பேசாமல் போவார். அதுதான் பயம். ஒரு மனுஷர் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்ததை நான் சரக்கு மாதிரி கைமாற்றிவிட்டேன்.

முடிவு: போய் வாங்கி வருவது. என் டப்பாவில் இன்னொரு நீலம் இருக்கிறது, சூடு போட்டது, ஆனாலும் அழகு. உள்ளதைச் சொல்லி அதைக் கொடுத்து இதை வாங்கிக்கொள்ளலாம். மோட்டாரை எடுத்தேன்.

கோலா கெத்தில். வழியெல்லாம் செம்பனைக் குலை ஏற்றிய லாரி, சேறு. முத்து அண்ணன் முன்னறையில் சாய்வு நாற்காலியில். மேல் கையில் நீலத் துணி கட்டு. வாய் திறந்து குறட்டை.

"சத்தம் போடாத, இப்பதான் கண்ணசந்தாரு," என்றார் லெட்சுமி அக்கா. அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்தே பல மாதம் ஆகியிருக்கும் போல. தலை வாரி, பொட்டு வைத்து, மனுஷியாக இருந்தார். எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"மாத்திரையா இருக்கலாம்னு எனக்கும் தெரியும்மா. ஆனா அந்தத் துணியத் தடவிக்கிட்டே படுக்குறாரு. பயம் போயிடுச்சி அவருக்கு. அது போதும் எனக்கு."

பணப்பையில் மற்ற நீலம் இருந்தது. கை அதன் மேல்தான். எடுக்கவில்லை. தூங்குகிற மனுஷன் கையிலிருந்து எதை அவிழ்ப்பது.

அவர் எழுந்ததும் மோதிரத்துக்கு விரல் அளவு எடுத்தேன். வீக்கம் இருக்கிறது, சற்றுத் தளர்வாகச் செய்ய வேண்டும். உட்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும், அவருக்குத் தோல் மெல்லியது.

"யாரு இது, கல்லுக்கார பொண்ணா? கைய மெல்லப் புடி, மாடு புடிக்கிற மாதிரி புடிக்கிற," என்றார் முத்து அண்ணன். லெட்சுமி அக்காவுக்கு அப்படியொரு சந்தோஷம்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கி நின்று கொஞ்சம் அழுதேன். ஒரு மலாய்க்கார அம்மா டிஷ்யூ கொடுத்தார். நனைந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

ஸ்டெல்லாவிடம் போனில் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "சரி விடுக்கா, நானும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டேன்," என்றாள். பிறகு, "நாளைக்கு அந்தப் பச்சைப் பூப்போட்ட உடுப்பப் போடாத, கெழவி மாதிரி இருக்கும்."

வெள்ளி

மழை இல்லை. ஐஸ்பெட்டிக்காரர் இன்று லீவு, நாளைக்குத்தான் வருவாராம்.

பச்சைப் பூ உடுப்பைப் போடவில்லை. வாசலை இரண்டு தடவை பெருக்கினேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக் என்னைப் பார்த்துவிட்டு அவரும் விளக்குமாற்றை எடுத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு வந்தார். அதே இஸ்திரிச் சட்டை. வாசல் கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தினார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. என் கையைப் பார்த்தார். கையில் பொட்டலம் இருக்கிறதா என்று பார்க்கிறார், எனக்குத் தெரிந்தது.

"கல்லு என்கிட்ட இல்ல," என்றேன்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அன்று வாடிக்கைக்காரருக்கென்று நினைத்துக் கொடுத்தது, ஸ்டெல்லா சொன்னது, குரல் செய்தி, நேற்றுப் போய் வெறும் கையோடு வந்தது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாக்கடையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இப்ப தூங்குறாரா அவரு?"

"தூங்குறாரு. திட்டவும் செய்றாரு."

"நேத்துப் போனீங்கல்ல. ஏன் வாங்கல?"

"கைய நீட்ட முடியல."

தலையாட்டினார்.

"நானா இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். அவங்ககிட்ட எதையும் சொல்லிக்காதீங்க. அவருக்கே இருக்கட்டும்."

பிறகு, என்னைப் பார்க்காமலேயே: "மூணு வருசமா அத யாருக்கும் விக்கல. பெரிய கடையில கேட்டாங்க, குடுக்கல." குறையாகச் சொல்லவில்லை. தகவலுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

வண்டியில் ஏறி ஹெல்மெட்டை மாட்டினார். "அடுத்த வாரம் விட்டு செவ்வாக்கெழம வழக்கம்போல வரேன். நல்ல பவளம் ரெண்டு வந்திருக்கு."

"எனக்குச் சம்மதம்," என்றேன்.

"பவளமா?"

"பவளம் இல்ல. நீங்க கேட்டது."

சாவியைத் திருகப் போன கை நின்றது. "நான்தான் ஒண்ணும் கேக்கலையே. வாய் வராமத்தான கல்லக் கொண்டாந்து குடுத்தேன். அது வேற வீட்டுக்குப் போயிடுச்சி."

"அப்ப நீங்களே கேளுங்க."

எதிர்வீட்டில் பெருக்கும் சத்தம் நின்றுவிட்டது. அவர் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார், வண்டியிலிருந்து இறங்கினார், கேட்டுக்குப் பக்கத்தில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, அதோடேயே கேட்டார்.